நியூட்டன் இருக்க லெக்ராஞ்சி எதற்கு?

கேள்வி இது: நியூட்டனின் மூன்று விதிகளே எல்லா இயக்கத்துக்கும் போதும் என்று படிக்கிறோம். அப்படியிருக்க லெக்ராஞ்சி, ஹாமில்டன் என்ற கணிதர்கள் விசைக்குப் பதில் ஆற்றலை வைத்துக் கணக்கிடும் இன்னொரு வழியை ஏன் தேடிப் போனார்கள்? கணக்குப் போடும் வசதிக்காகவா, அல்லது இயற்கை எதையும் சிக்கனமாகவே செய்கிறது என்ற தத்துவ நம்பிக்கையாலா? அப்புறம், அந்த வழியில் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலை எதற்காகக் கழிக்கிறோம்? கூட்டினால்தானே மொத்த ஆற்றல்?

பாடப்புத்தகங்கள் இந்த விஷயத்தில் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகின்றன. முதல் பக்கத்திலேயே ஹாமில்டன் தத்துவத்தை (இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து நேரத்தின் மேல் தொகையிட்டால், உண்மையான பாதையைச் சற்று அசைத்தாலும் அந்தத் தொகை மாறாது என்பதை) வைத்து, அதிலிருந்து லெக்ராஞ்சியின் இயக்கச் சமன்பாடுகளை வருவிப்பார்கள். வரலாறு நடந்தது நேர் எதிர்த் திசையில். லெக்ராஞ்சியின் பெரும் நூல் 1788-இல் வந்தது. ஹாமில்டன் தத்துவம் 1834, 1835-இல்தான் வருகிறது. லெக்ராஞ்சியோ இளமையில் சிக்கனத் தத்துவத்தைக் கையில் எடுத்து, சில வருடங்களிலேயே அதைக் கீழே வைத்துவிட்டவர். பகுமுறை இயக்கவியல் எனப்படும் இந்த வழியைப் பெற்றெடுத்தது தத்துவ நம்பிக்கை அல்ல, ஊசல் என்பேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட பொருள்களை என்ன செய்வது என்ற சிக்கல்.

1687-இல் வந்த நியூட்டனின் நூலை இன்று திறந்து பார்ப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். நாம் பள்ளியில் எழுதும் ‘விசை = நிறை × முடுக்கம்’ அந்த வடிவத்தில் அதில் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வட்டம், நீள்வட்டம், தொடுகோடு, ஒத்த முக்கோணம். முப்பரிமாண வெளியில் மூன்று அச்சுகளிலும் விசையைப் பிரித்து எழுதி, இதுவே இயக்கவியலின் பொதுத் தத்துவம் என்று அறிவித்தவர் சுவிஸ் கணிதர் ஆய்லர். அதை பெர்லின் அகாதமியில் அவர் வாசித்தது 1750-இல், அச்சானது 1752-இல். அதற்கும் முன்னால், 1736-இல் வந்த தன் இயக்கவியல் நூலின் முன்னுரையில் ஒரு குறையைச் சொல்லியிருந்தார்: வடிவியல் முறையில் எழுதியவற்றைப் படித்தால் அது உண்மைதான் என்று நம்பிக்கை வருகிறது, ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றிவிட்டால் அதே ஆளால் விடை காண முடிவதில்லை. நியூட்டனின் நிரூபணங்கள் எவ்வளவு அழகானவை என்பதில் சந்தேகமே வேண்டாம். நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் தன் கடைசி வருடங்களில் அந்தத் தேற்றங்களை ஒவ்வொன்றாகத் தானே நிரூபித்துப் பார்த்து, நியூட்டனின் வழியோடு ஒப்பிட்டு வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சந்திரசேகர். மற்றவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு முறை வேண்டும்.

முறை இல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நியூட்டனின் விதிகள் மிக அழகாக வேலை செய்வது, ஒரு பொருளின் மேல் என்ன விசை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது. சூரியன் கோளை இழுக்கிறது, இழுப்பின் அளவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம், சரி, பாதையைக் கண்டுபிடி. ஆனால் பட்டறையிலும் கடிகாரக் கடையிலும் கிடக்கும் பொருள்கள் அப்படிப்பட்டவை அல்ல. கம்பியில் கோத்த மணி, கயிற்றில் தொங்கும் எடை, பல்சக்கரம், சுழலும் பம்பரம் எல்லாம் ஏதோ ஒன்றால் கட்டப்பட்டு நகர்பவை. கம்பி மணியை எவ்வளவு தள்ளுகிறது? அது மணி எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மணி எப்படி ஓடும்? அது கம்பி எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. விடை தெரிந்தால்தான் கேள்வியே முழுமையாகும் என்ற நிலை.

இந்தச் சிக்கல் முதலில் கூர்மையாக எழுந்த இடம் கூட்டு ஊசல். 1646-இல் பாரிஸைச் சேர்ந்த மெர்சென் பாதிரியார், அப்போது பதினேழு வயதான டச்சு இளைஞர் ஹைகென்ஸிடம் இந்தக் கணக்கைக் கேட்டார். நூலில் கட்டிய சிறு குண்டு ஆடும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது என்று தெரியும். நூலுக்குப் பதில் கனமான ஒரு தண்டையே ஒரு முனையில் மாட்டித் தொங்கவிட்டால்? தண்டின் ஒவ்வொரு துணுக்கையும் ஒரு தனி ஊசலாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது குட்டை ஊசல், வேகமாக ஆட நினைக்கும். நுனியில் இருப்பது நீள ஊசல், மெதுவாக ஆட நினைக்கும். ஆனால் தண்டு விறைப்பானது. நடை வேகம் வேறுவேறான ஆட்கள் கைகோத்து நடப்பது போல, எல்லாத் துணுக்குகளும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். சிலது பின்னுக்கு இழுக்கப்படும், சிலது முன்னுக்குத் தள்ளப்படும். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

ஹைகென்ஸ் அந்த உள் இழுபறியைத் தொடவே இல்லை. அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம். தண்டு ஆடி அடிப்புள்ளிக்கு வரும் நொடியில் அதன் துணுக்குகளை இணைத்திருந்த பிணைப்பு அறுந்துபோவதாக வைத்துக்கொள்வோம் என்றார். ஒவ்வொரு துணுக்கும் அப்போது தனக்கிருக்கும் வேகத்தோடு தனியாக மேலே எழும்பும். அப்படி எழும்பிய அத்தனை துணுக்குகளுக்கும் சேர்த்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டால், அது ஆரம்பத்தில் இருந்த உயரத்துக்கு மேல் போக முடியாது. போனால், செலவே இல்லாமல் ஓயாது ஓடும் எந்திரம் ஒன்றைச் செய்துவிடலாமே! இந்த ஒரு வாதத்தை வைத்து, சீரான தண்டு தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குள்ள நூல் ஊசலுக்குச் சமமாக ஆடும் என்று காட்டினார். ஒன்றரை மீட்டர் தண்டும் ஒரு மீட்டர் நூல் ஊசலும் ஒன்றாக ஆடும். நம்பாதவர்கள் ஒரு கழியின் நுனியில் ஆணியடித்துப் பார்க்கலாம். 1673-இல் வந்த அவருடைய ஊசல் கடிகார நூலில் இது இருக்கிறது. நியூட்டனின் நூலுக்குப் பதினான்கு வருடம் முன்னால் என்பதைக் கவனியுங்கள். விசையைப் பற்றிப் பேசாமல், உயரத்தையும் வேகத்தின் இருமடியையும் மட்டும் வைத்து இயக்கத்தைத் தீர்க்கும் பழக்கம் நியூட்டனுக்குப் பிறகு வந்த திருத்தம் அல்ல. அது ஏற்கெனவே தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ஆறு. வேகத்தின் இருமடியோடு நிறையைப் பெருக்கி, அதற்கு ‘உயிருள்ள விசை’ என்று பெயரிட்டு, இயக்கத்தின் உண்மையான அளவு இதுதான் என்று 1680-களிலிருந்து லைப்னிட்ஸ் போட்ட சண்டையும் இந்த ஆற்றின் கிளைதான்.

ஹைகென்ஸின் வாதம் சிலருக்குத் திருப்தி தரவில்லை. விடை சரி, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? யாக்கோப் பெர்னௌலி 1703-இல் வேறு வழி காட்டினார். ஒவ்வொரு துணுக்கும் சுதந்திரமாக இருந்தால் பெறக்கூடிய இயக்கத்தையும், தண்டில் சிக்கியதால் உண்மையில் பெறும் இயக்கத்தையும் ஒப்பிடுங்கள். சில துணுக்குகள் இழந்திருக்கும், சில கூடுதலாகப் பெற்றிருக்கும். இழப்பும் பெறுதலும் ஒரு நெம்புகோலில் வைத்த எடைகளைப் போலச் சமநிலையில் நிற்க வேண்டும். ஆடும் பொருளைப் பற்றிய கேள்வி, அசையாமல் நிற்கும் நெம்புகோலைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

இதை ஒரு பொது விதியாக்கியவர் பிரெஞ்சுக் கணிதர் டாலம்பர், 1743-இல். எந்தப் பிணைக்கப்பட்ட அமைப்பிலும், பிணைப்பினால் ‘தொலைந்துபோன’ இயக்கங்கள் தமக்குள் சமநிலையில் இருக்கும் என்பதே அவர் சொன்னது. இன்று புத்தகங்களில் ‘டாலம்பர் தத்துவம்’ என்று வருவது பிற்காலத்தில் தைத்து மாற்றிய உடை. டாலம்பருக்கு விசை என்ற கருத்தின் மேலேயே நம்பிக்கை கிடையாது. பொருளுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் விசைகள் தெளிவில்லாதவை, இருளைத்தான் பரப்புகின்றன என்று எழுதினார். கண்ணுக்குத் தெரிவது இயக்கம் மட்டுமே, அதை வைத்தே பேசுவோம் என்பது அவர் நிலை. தத்துவ நோக்கம் என்று ஒன்று இந்தக் கதையில் இருந்தது என்றால், இந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் சொல்வேன்.

இயக்கத்தைச் சமநிலையாக்கியாயிற்று. சமநிலைக்கு என்ன பொது விதி? இங்கே ஒரு பழைய உண்மை கைகொடுத்தது. நெம்புகோலோ கப்பியோ எதுவானாலும், அதை ஒரு நூலளவு நகர்த்திப் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு விசையையும், அது செயல்படும் புள்ளி அந்த விசையின் திசையில் நகரும் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், சமநிலையில் மொத்தம் பூஜ்யம். யாக்கோபின் தம்பி ஜோஹான் பெர்னௌலி இதைப் பொது விதியாக வாரிக்னோன் என்ற பிரெஞ்சுக் கணிதருக்கு ஒரு கடிதத்தில் எழுத, அது 1725-இல் வாரிக்னோனின் நூலில் அச்சாயிற்று. இதில் ஒளிந்திருக்கும் லாபம்தான் எல்லாவற்றுக்கும் மூலம்: கம்பி மணியைத் தள்ளுவது கம்பிக்குச் செங்குத்தாக. மணியால் நகர முடிவது கம்பியின் வழியாக மட்டும். ஆகவே அந்தத் தெரியாத தள்ளுவிசை கூட்டலில் பங்கே எடுப்பதில்லை. நம்மைப் பாடாய்ப் படுத்திய அந்த ‘விடை தெரிந்தால்தான் கேள்வி’ என்ற வளையம் இங்கே அறுகிறது.

ஒரு கணக்கில் பார்த்தால் புரியும். கப்பி ஒன்றில் கயிறு, ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோ. இது 1784-இல் ஜார்ஜ் அட்வுட் விவரித்த கருவி. உராய்வும் கப்பியின் நிறையும் வேண்டாம். நியூட்டன் வழியில் கயிற்றின் இழுவிசை என்ற தெரியாத ஒன்றை நாமே நுழைக்க வேண்டும். 3 கிலோவுக்கு ஒரு சமன்பாடு, 2 கிலோவுக்கு ஒன்று. இரண்டையும் தீர்த்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 1.96 மீட்டர், இழுவிசை சுமார் 23.5 நியூட்டன். லெக்ராஞ்சி வழியில் ஒரே ஒரு அளவு போதும்: 3 கிலோ எவ்வளவு இறங்கியது? அது ஒரு மீட்டர் இறங்கினால் மற்றது ஒரு மீட்டர் ஏறும், கயிறு அதைத் தீர்மானித்துவிட்டது. மொத்த இயக்க ஆற்றல், 5 கிலோவை வேகத்தின் இருமடியால் பெருக்கியதில் பாதி. நிலை ஆற்றல் குறைவது, 1 கிலோ கூடுதல் எடைக்கு உரியது. 1 கிலோவின் எடை 5 கிலோவை நகர்த்துகிறது, ஆகவே 9.8-ஐ ஐந்தால் வகுத்தால் 1.96. இழுவிசை என்ற பேச்சே எழவில்லை.

இந்தக் கணக்குக்கு இது பெரிய மிச்சம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஊசலின் அடியில் இன்னோர் ஊசலைக் கட்டித் தொங்கவிட்டு, அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நியூட்டன் வழியில் இரண்டு இழுவிசைகள், நான்கு சமன்பாடுகள், ஒவ்வொரு திசையிலும் சைன், கொசைன் பிரிப்பு. லெக்ராஞ்சி வழியில் இரண்டு கோணங்கள், அவ்வளவுதான். அளவு கோணமாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம், அமைப்பின் நிலையைச் சொல்ல எது வசதியோ அது. எதை எடுத்தாலும் சமன்பாட்டின் வடிவம் மாறாது. நான் பாடம் எடுத்த வகுப்புகளில் மாணவர்கள் இதை முதலில் நம்பமாட்டார்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே வடிவமா என்பார்கள்.

இனி இயற்கையின் சிக்கனம் பற்றிய உங்கள் கேள்வி. இந்த ஓடை உண்மையில் இருந்தது, சுவாரசியமானதும்கூட. 1662-இல் ஃபெர்மா, ஒளி இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் செல்கிறது என்று வைத்து ஒளிவிலகல் விதியை வருவித்தார். உடனே கிளெர்செலியே என்ற தெக்கார்த் ஆதரவாளர் மறுத்தார்: ஒளிக்கு முன்யோசனை உண்டா, எந்தப் பாதை சீக்கிரம் என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? நியாயமான கேள்வி. 1696-இல் ஜோஹான் பெர்னௌலி, ஒரு மணி மிகச் சீக்கிரம் சறுக்கி இறங்க எந்த வளைவு வேண்டும் என்று ஐரோப்பாவின் கணிதர்களுக்குச் சவால் விட்டார். அவருடைய சொந்த விடையில் ஒரு தந்திரம் இருந்தது. விழும் மணியை மறந்துவிடுங்கள், கீழே போகப் போக வேகம் கூடும் ஊடகத்தில் செல்லும் ஒளிக்கதிராக நினையுங்கள், அடுக்கடுக்காக வெட்டி ஒவ்வோர் அடுக்கிலும் ஒளிவிலகல் விதியைப் போடுங்கள், சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் புள்ளி வரையும் வளைவு வந்துவிடும். இயக்கத்தையும் ஒளியையும் ஒரே கணக்காகப் பார்த்த இந்தத் தந்திரம் 130 வருடம் கழித்து டப்ளினில் மறுபடி தலையெடுக்கும்.

1744-இல் மோபெர்த்துயி வருகிறார். லாப்லாந்துக்குப் போய்ப் பூமி துருவத்தில் தட்டை என்று அளந்து பெயர் வாங்கியவர், பின்னால் பெர்லின் அகாதமியின் தலைவர். நிறை, வேகம், கடந்த தூரம் மூன்றையும் பெருக்கினால் வருவது ‘செயல்’, இயற்கை எப்போதும் அதை மிகக் குறைவாகவே செலவழிக்கிறது, இதுவே படைத்தவனின் ஞானத்துக்குச் சான்று என்றார். அதே வருடம் ஆய்லர் தன் நூலின் பின்னிணைப்பில், மைய விசையில் சுற்றும் ஒரு பொருளுக்கு இது எந்த அர்த்தத்தில் உண்மை என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வேலை ஆய்லருடையது, ஆரவாரம் மோபெர்த்துயியுடையது. 1751-இல் சாமுவேல் கோனிக் என்பவர், இதை லைப்னிட்ஸ் முன்பே ஒரு கடிதத்தில் சொல்லிவிட்டார் என்று எழுத, மூலக் கடிதம் கிடைக்காததால் அது போலி என்று அகாதமி தீர்ப்பளித்தது. வால்டேர் கோனிக் பக்கம் சேர்ந்து மோபெர்த்துயியைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு நையாண்டி எழுதினார். கோபமடைந்த பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக் 1752 டிசம்பரில் அதை பெர்லினில் பகிரங்கமாக எரிக்கச் செய்தார். இயற்பியல் தத்துவம் ஒன்றுக்காக மன்னரும் எழுத்தாளரும் முட்டிக்கொண்டது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் கணிதத்துக்கு இதனால் கிடைத்தது என்ன? குறைந்தபட்சம் என்பதே எப்போதும் உண்மையல்ல. சில குழியாடிகளில் ஒளி எடுக்கும் பாதை பக்கத்துப் பாதைகளைவிட நீண்டது. பிற்பாடு ஹாமில்டனே இதைக் கிண்டல் செய்து, இயற்கை சிக்கனம் பிடிப்பதாகச் சொல்லும் அந்த அளவை அது பல சமயம் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறது என்றார். சரியான சொல், பாதையைச் சற்று அசைத்தாலும் முதல் கட்டத்தில் மாறாத அளவு என்பதுதான். அதில் ஞானத்துக்கும் சிக்கனத்துக்கும் வேலை இல்லை.

பிணைப்புக் கணக்கு, சிக்கனத் தத்துவம் என்ற இந்த இரண்டு ஓடைகளும் சந்தித்த மனிதர் லெக்ராஞ்சி. 1736-இல் டூரின் நகரில் பிறந்தவர். 1755 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். மிகச் சிறிய, மிகப் பெரிய அளவுகளைத் தரும் வளைவுகளைக் கண்டுபிடிக்க ஆய்லர் 1744-இல் தந்த வழி வடிவியலில் ஊன்றியது. வளைவைச் சிறு கோடுகளாக உடைத்து ஒரு புள்ளியை மட்டும் நகர்த்திப் பார்ப்பது. வடிவியல் இல்லாத ஒரு முறை வேண்டும் என்று ஆய்லரே அதில் ஏங்கியிருந்தார். பையன் அதைக் கையோடு அனுப்பினான்: முழு வளைவையும் ஒரே சமயத்தில் சற்றே மாற்றி, அந்த மாற்றத்துக்கு ஒரு தனிக் குறியீடு வைத்து, பகுதித் தொகையிடலால் (integration by parts) எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் முறை. ஆய்லர் மகிழ்ந்து பாராட்டி, பின்னால் அந்தக் கணிதத்துக்குப் பெயரும் வைத்தார். 1760-களின் தொடக்கத்தில் லெக்ராஞ்சி அந்தக் கருவியை மோபெர்த்துயியின் செயல் தத்துவத்தோடு சேர்த்து இயக்கவியல் முழுவதையும் வருவித்துக் காட்டினார். அங்கேயே நின்றிருந்தால் இன்றைய பாடப்புத்தக வரிசை சரியாக இருந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. 1764-இல் பாரிஸ் அகாதமி ஒரு பரிசுக் கேள்வி வைத்தது: நிலா ஏன் எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது, அதன் சிறு ஆட்டத்துக்கு என்ன காரணம்? நிலா புள்ளி அல்ல, சுழலும் திண்பொருள். அதற்கு லெக்ராஞ்சி செயல் தத்துவத்தை விட்டுவிட்டு, ஜோஹான் பெர்னௌலியின் கற்பனை நகர்வு விதியையும் டாலம்பரின் விதியையும் ஒன்றாகக் கட்டினார். பரிசு கிடைத்தது. 1780-இல் அதே நிலாக் கணக்குக்குத் திரும்பியபோது, இன்று நாம் லெக்ராஞ்சி சமன்பாடு என்று எழுதும் வடிவமே வந்துவிட்டது. அடித்தளத்தை ஏன் மாற்றினார்? என் கணிப்பு இது: கற்பனை நகர்வு விதி, நிற்கும் பொருளுக்கும் ஓடும் பொருளுக்கும், திண்மத்துக்கும் திரவத்துக்கும் ஒரே மூச்சில் பொருந்துகிறது, ஆற்றல் மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குத் தேவையில்லை. பெரிய நூலில் செயல் தத்துவத்தைக் குறிப்பிடும்போது, அது ஒரு தத்துவ மூலக்கொள்கை அல்ல, இயக்க விதிகளிலிருந்து கிடைக்கும் எளிய பொது முடிவு மட்டுமே என்று தெளிவாக எழுதிவிட்டார். உங்கள் கேள்விக்கு அவர் வாயாலேயே பதில் இது.

அந்த நூல் பெர்லினில் உருவாகி, லெஜாண்டரின் மேற்பார்வையில் 1788-இல் பாரிஸில் அச்சாயிற்று. சுமார் 500 பக்கத்தில் ஒரு படம்கூடக் கிடையாது. கிடையாது என்பதை முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்கிறார். இங்கே வடிவியல் வரைவுகளும் வேண்டாம், இயந்திர வாதங்களும் வேண்டாம், ஒழுங்காக நடக்கும் இயற்கணிதச் செயல்கள் மட்டும் போதும் என்பது சாரம். ஆய்லர் 1736-இல் கேட்ட முறை இதோ. நிலையியலும் இயக்கவியலும் திரவங்களும் ஒரே விதியிலிருந்து இறங்குகின்றன. இந்தப் படமில்லாப் பெருமை எனக்கு முழுதாகப் பிடித்ததில்லை. படம் வரையாமல் இயற்பியல் படிக்கும் மாணவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஒரு மேதை தேவைப்பட்ட காலத்தில் அது பெரிய விடுதலை.

இப்போது அந்தக் கழித்தல் குறி. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. டாலம்பரும் பெர்னௌலியும் சேர்ந்து சொல்வது: விசையிலிருந்து நிறை × முடுக்கத்தைக் கழித்து, எஞ்சியதைக் கற்பனை நகர்வால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம். விசை ஈர்ப்பு போன்றதாக இருந்தால் அதன் பங்கு, நிலை ஆற்றலில் வரும் சிறு மாற்றம், முன்னால் கழித்தல் குறியோடு. முடுக்கத்தின் பங்கும் கழித்தல் குறியோடுதான் நிற்கிறது. இதுவரை இரண்டும் ஒரே குறி. இப்போது தொடக்க நேரத்திலிருந்து முடிவு நேரம் வரை தொகையிடுங்கள், இரு முனைகளிலும் நகர்வு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பகுதித் தொகையிடல் செய்யுங்கள். முடுக்கத்தில் இருக்கும் நேர வகையீடு ஒன்று நகர்வின் மேல் போய் உட்காரும், போகும்போது குறியை மாற்றிவிட்டுப் போகும். முடுக்கப் பங்கு இயக்க ஆற்றலின் மாற்றமாகி, கூட்டல் குறி பெறுகிறது. நிலை ஆற்றல் பழைய கழித்தல் குறியோடு அப்படியே இருக்கிறது. இயக்க ஆற்றல் கழித்தல் நிலை ஆற்றல், வந்துவிட்டது. மொத்த ஆற்றல் என்பது வேறு கேள்விக்கான விடை. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

வானியல் தந்த உந்துதலையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஹாமில்டனுக்கு வரும் வழி புரியாது. சூரியனும் ஒரு கோளும் மட்டும் என்றால் நீள்வட்டம், கணக்கு முடிந்தது. வியாழன் சனியை இழுக்கிறது, சனி வியாழனை இழுக்கிறது என்றால் நீள்வட்டமே மெல்ல மெல்ல உருமாறும். பாதையைப் பின்தொடர்வதைவிட, நீள்வட்டத்தின் அளவு, நீட்சி, சாய்வு ஆகிய ‘மாறிலிகள்’ எப்படி மாறுகின்றன என்று பின்தொடர்வது நல்லது என்று ஆய்லரும் லெக்ராஞ்சியும் லாப்லாஸும் கண்டுகொண்டார்கள். 1808, 1809-இல் எழுபது வயதைத் தாண்டிய லெக்ராஞ்சியும் இளைஞர் பாய்சானும் போட்டிபோட்டு இதைப் பொதுமைப்படுத்தினார்கள். மாறிகள் சோடி சோடியாக வருகின்றன, ஒன்றின் மாற்ற விகிதம் மற்றொன்றைக் கொண்டு கிடைக்கிறது என்ற அமைப்பு அப்போதே தென்பட்டது.

ஹாமில்டனோ வேறு வாசல் வழியாக வந்தவர். இருபத்தொரு வயதில், பட்டப்படிப்பு முடியும் முன்பே, டப்ளினில் வானியல் பேராசிரியர் ஆனவர். அவர் மனதில் இருந்தது லென்ஸ்களும் ஆடிகளும். எத்தனை லென்ஸ் வைத்தாலும் அந்த ஒளியியல் கருவி முழுவதின் நடத்தையையும் ஒரே ஒரு சார்பில் அடக்க முடியும் என்று 1820-களின் இறுதியில் காட்டினார். அந்த முறையைக் கொண்டு, குறிப்பிட்ட வகைப் படிகத்தில் ஒரு கதிர் கூம்பாக விரியும் என்று 1832-இல் முன்கூட்டியே சொல்ல, ஹம்ஃப்ரி லாயிட் அதே வருடம் பரிசோதனையில் பார்த்துவிட்டார். அந்தத் தெம்பில், 1834-இலும் 1835-இலும் அதே யோசனையை இயக்கத்துக்கு மாற்றினார். லெக்ராஞ்சியின் நூலை ஒருவகை அறிவியல் கவிதை என்று கொண்டாடிய அதே ஹாமில்டன், அதன் இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடுகளை, நிலைக்கு ஒன்று உந்தத்துக்கு ஒன்று என இரட்டை எண்ணிக்கையில் முதல் வரிசைச் சமன்பாடுகளாக்கினார். பொருள்களை ஒளிக்கதிர்களாகப் பார்த்த பழைய பெர்னௌலித் தந்திரம், இப்போது எல்லா இயக்கத்துக்கும்.

ஆனால் ஹாமில்டன் தேடிய அந்த ஒற்றைச் சார்பைக் கண்டுபிடிப்பது மூலக் கணக்கைவிட எளிதாக இல்லை. அதைப் பிழைக்க வைத்தவர் ஜெர்மன் கணிதர் ஜேக்கோபி. ஹாமில்டன் இரண்டு பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் வேண்டும் என்றார், ஒன்றே போதும் என்று காட்டினார் இவர். மாறிகளை எப்படி மாற்றினால் கணக்கு தீரும் என்பதற்குப் பொது விதி கிடையாது, நல்ல மாற்றம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தெந்தக் கணக்கைத் திறக்கிறது என்று தேடுவதே வழி என்று வகுப்பில் சொன்னார். வானியலாளர் டெலோனே இந்த மாறி மாற்றங்களை வைத்தே நிலாவின் இயக்கத்தைக் கையால் கணக்கிட உட்கார்ந்தார். சுமார் இருபது வருட உழைப்பு, 1860-இலும் 1867-இலும் இரண்டு தடித்த தொகுதிகள்.

அப்படியானால் இது நியூட்டனைவிட ஆழமானதா என்று அடுத்து கேட்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கேட்டிருந்தால், இல்லை, அதே விஷயம் வேறு உடையில் என்று சொல்லியிருப்பார்கள். 1925 இலையுதிர் காலத்தில், அணுவுக்காக ஹைசன்பெர்க் எழுதிய புதிய பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போன இயற்பியலாளர் டிராக்குக்கு, எங்கோ படித்த பாய்சானின் அடைப்புக்குறி (அந்த மாறிச் சோடிகளை வைத்து எழுதும் ஒரு கணிதக் கோவை) இதைப் போலவே இருக்குமே என்று பொறி தட்டியது. அன்று நூலகம் மூடியிருந்தது. திங்கள் காலை திறக்கும்வரை இருப்புக்கொள்ளாமல் கிடந்ததை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மறுவருடம் ஷ்ரோடிங்கர் ஹாமில்டனின் ஒளி–இயக்க ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு அலைச் சமன்பாட்டுக்குப் போனார். வியாழனுக்கும் சனிக்கும் லென்ஸுக்கும் செய்த கருவிகள் அணுவுக்குள் பொருந்தின. விசை என்ற சொல் அங்கே அநேகமாகப் பயன்படவில்லை.

அதற்காக நியூட்டனை மூட்டை கட்டிவிடாதீர்கள். உராய்வு வந்தால் லெக்ராஞ்சி வழி ஒட்டுப்போட்டுத்தான் ஓடும். பிரேக் பிடித்த வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதற்கு அதைக் கூப்பிட யாரும் மாட்டார்கள். கயிறு தாங்குமா அறுந்துபோகுமா என்பது கேள்வியானால், எந்த இழுவிசையை நீக்கியதற்காக மகிழ்ந்தோமோ அதையே தேடிப் போக வேண்டும். தளத்தில் திசை திரும்பித் திரும்பி வழுக்காமல் உருளும் சக்கரம் இன்னொரு கண்ணி. அதன் கட்டுப்பாடு நிலையைப் பற்றியது அல்ல, வேகத்தைப் பற்றியது. சாதாரண லெக்ராஞ்சி சமன்பாட்டில் அதை முன்கூட்டியே நுழைத்தால் தவறான விடை வரும். 1895-இல் லிண்டெலோஃப் போன்ற தேர்ந்த கணிதரே உருளும் பொருள் கணக்கில் இப்படி விழுந்தார். அதைத் திருத்தி, இத்தகைய அமைப்புகளுக்கான சரியான சமன்பாடுகளைத் தந்தவர் ரஷ்யாவின் சாப்லிகின். தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால், சக்கரம் உருளும் கணக்கு வந்தவுடன் கட்டுப்பாடு எந்த வகை என்று முதலில் பாருங்கள், அப்புறம் எழுதத் தொடங்குங்கள்.